அடியில் ஒரு முத்திரை

"க்ளிஃப், அது என்ன சத்தம்?"

டிங். மறுபடியும் ஒரு டிங். சூளைக்குள் கிண்ணங்கள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. கதவைத் திறந்துவிட்டு, புருவம் பொசுங்க முன்னால் நின்றவன் நான்தான்.

"மூணு நாள் ஆறணும்னு சொன்னேனே," என்றாள் என் மனைவி லோர்னா.

"கதவுல நீ சாக்பீஸ்ல எழுதின தேதியைப் பார்த்துத்தான் திறந்தேன்."

"கண்ணாடி போட்டிருந்தியா?"

கண்ணாடி என் நெற்றியில் இருந்தது.

நாற்பத்திரண்டு வருடமாக இந்த மலையடிவாரத்தில் அவள் பானை வனைகிறாள். பக்கத்துக் காட்சிக்கூடத்தில் நான் விற்கிறேன். அதாவது, விலைச்சீட்டுகளை மாற்றி ஒட்டுகிறேன். கூரை ஒழுகியதால், மெல்போர்ன் ஹோட்டல் ஒன்றுக்கு நூற்றைம்பது கிண்ணம் தருவதாக அவளைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். கிண்ணத்தின் அடியில் அவள் முத்திரை கூடாது, ஹோட்டல் பெயர் மட்டும்தான் என்ற நிபந்தனையை நான் படிக்கவில்லை. அப்போதும் கண்ணாடி நெற்றியில்தான்.

"வாக்குக் கொடுத்துட்டே. செஞ்சு தர்றேன்," என்றவள், முத்திரை குத்தாமலே நூற்றைம்பதையும் முடித்தாள்.

நான் சூளையைத் திறந்த மறுநாள் ஹோட்டல்காரர் ட்ரென்ட் வந்து, தன் கிண்ணங்களில் விழுந்த விரிசல்களைப் பார்த்தார்.

"அப்போ ஒப்பந்தம் ரத்துதான்."

"தாராளமா."

"உங்க வயசுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இனிமே வராதுங்க, லோர்னா."

"வர வேண்டாம். என் பேர் இல்லாத கிண்ணம் இந்த வாசலைத் தாண்டாது. போறப்போ கேட்டைச் சாத்திட்டுப் போங்க, செம்மறிங்க உள்ள வந்துடும்."

கார் புழுதி கிளப்பிப் போனது. திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவளோ டீ போட்டாள். பிஸ்கட்டும் வைத்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஒழுகற கூரைக்கும் சேர்த்துத் திட்டிடேன், லோர்னா."

"ஒழுகட்டும். கீழ வைக்கப் பானைக்கா பஞ்சம்?"

"என் மேல கோபமே இல்லையா? நேரா சொல்லு."

ஏப்ரன் பையிலிருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து மேஜையில் உருட்டிவிட்டாள்.

"கையெழுத்துப் போட்டவன் நீ. வேணும்னே வாக்குத் தவறினான்னு உன்னை யாரும் சொல்லிடக் கூடாது பாரு. தேதியை நீ சரியாத்தான் படிச்சே, க்ளிஃப். வேணும்னே தப்பா எழுதினது நான்."