சாலைக்கு அந்தப்பக்கம்

நெரிசலில் சிக்கிய ஆம்புலன்சிலேயே தணிகாசலத்தின் மனைவி இறந்துபோனாள். அதன்பிறகு புறவழிச்சாலை கேட்டு அவர் ஏறாத அலுவலகம் இல்லை. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அடுத்த வீட்டுக் கமாலுதீன் எழுந்து, ஜனங்கள் நடந்து கடக்க ஒரு சுரங்கப்பாதையும் வேண்டும் என்றார். அதையும் சேர்த்தால் வேலை தள்ளிப்போகும் என்றார் அதிகாரி. "முதல்ல ரோடு வரட்டும் பாய், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்று தணிகாசலம் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

சாலை வந்தது. சுரங்கப்பாதை வரவில்லை. எதிர்ப்பக்கக் கடைக்குக் காய் வாங்கப் போன கமாலுதீனை ஒரு வேன் அடித்துத் தள்ளியது.

அவர் மனைவி மெஹருன்னிசாவோடு தணிகாசலமும் ஆம்புலன்சில் ஏறிக்கொண்டார். வண்டி எங்கும் நிற்கவில்லை. இன்னும் வேகமாகப் போகாதா என்று தவித்தவருக்கு, அந்த வேகத்தைப் பார்க்கவும் கூசியது.

"சீக்கிரம் கொண்டுவந்தீங்க, உயிருக்குப் பயமில்லை. ஆனா காலை எடுத்துத்தான் ஆகணும்" என்றார் டாக்டர்.

மெஹருன்னிசா அழுதபடியே தணிகாசலத்தின் கைகளைப் பற்றிக்கொண்டாள். "நீங்க அந்த ரோட்டைக் கொண்டுவரலைன்னா இவரு எனக்கு இல்லண்ணே."

"இல்லம்மா... அந்தக் கூட்டத்துல பாய்..."

"எந்தக் கூட்டம்ணே?"

அதற்குள் நர்ஸ் வந்து, "இங்க தணிகாசலம் யாரு? ஆபரேஷனுக்கு முன்னாடி உங்களைப் பாக்கணும்ங்கிறாரு" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போங்கண்ணே" என்றாள் மெஹருன்னிசா.

தணிகாசலம் நாற்காலியைவிட்டு எழவில்லை.