நாலு வீட்டில் விசாரித்தவர்

"சவரியம்மா! வெள்ளை வேட்டி கட்டுன ஒருத்தரு வீடு வீடா ஏறி உங்க மகளப் பத்தியே கேக்குறாரு. பொண்ணு குணம் எப்பிடி, யாரு கூடப் பழகுறான்னு. இப்ப உங்க வீட்டுக்குத்தான் வாராரு!"

பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் சொல்லி வாய் மூடவில்லை, சவரியம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெண் கேட்க வருகிறவர்கள் முதலில் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுதானே திண்டுக்கல் வழக்கம்!

மகள் அமலராணி சென்னைக்குப் போய் மனோதத்துவமும் குற்றவியலும் படித்துவிட்டு வந்து, சர்க்கார் வேலைக்குக் காத்திருந்தாள். தாய்க்கும் மகளுக்கும் ஓர் ஒப்பந்தம். ஆர்டர் முந்தினால் வேலை. மாப்பிள்ளை முந்தினால் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண்ணை ஒரு நல்லவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டுமே என்று தாய்க்குத் தவிப்பு.

"அடியே, நல்ல சேலையா எடுத்துக் கட்டுடி!"

அமலராணியின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் சொன்ன சொல் தவறாதவள், பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பேரு பாக்கியராஜுங்க, ஒட்டன்சத்திரம் பக்கம். உங்க பொண்ணப் பத்தி நாலு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

பாக்கியராஜா! அப்படியானால் நம்மைப் போலக் கிறிஸ்தவராக, நம் வேதக்காரராகத்தான் இருக்க வேண்டும். சவரியம்மாளின் மனசு மாதா கோயிலில் சாமியார் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பது வரைக்கும் ஓடிவிட்டது.

"என்னுங்க படிச்சிருக்குது?"

சவரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இந்தப் படிப்பைச் சொன்னதும் எழுந்து போன மாப்பிள்ளை வீட்டார் உண்டு. "மனசப் பத்தி ஒரு படிப்பு, குத்தத்தப் பத்தி ஒரு படிப்பு."

"ரெண்டையும் சேத்துப் படிச்சா என்ன வேலைக்குங்க போலாம்?"

"ஜெயிலுக்குப் போகலாம்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அங்க இருக்கவகளத் திருத்துற வேலைக்கு! சேட்டை முத்துன பிள்ளைகள வச்சிருக்காகளே, அந்தப் பள்ளிக்கொடத்துக்கும் போகலாமாம். மனசு சரியில்லாதவக ஆஸ்பத்திரிக்கும் போகலாமாம். இவன ஜெயிலுக்கு அனுப்பவா, வெளிய விட்டுப் பாக்கவான்னு ஜட்ஜையா கேட்டா, விசாரிச்சுச் சொல்ற உத்தியோகம்கூட இருக்காம். அதெல்லாம் எதுக்கு? குடும்பத்தை நல்லா நடத்துவா."

"பயந்த சுபாவமுங்களா?"

"இவளா? அரிசிக்கு வரிசையில நின்ன வருசம், மூக்காயின்னு ஒருத்தி எங்க கோழியத் தூக்கிட்டா. தெருவே அடிக்கப் போச்சு. இவ குறுக்க விழுந்து தடுத்துட்டு, 'அக்கா, கடைசியா எப்ப சோறு தின்னீக?'ன்னு கேட்டா. அவ ஓன்னு அழுதுட்டா. உள்ள கூட்டியாந்து சோறு போட்டா எம்மக. இன்னைக்கு நாங்க ஊருக்குப் போனா வீட்டுச் சாவி அந்த மூக்காயிகிட்டதான்!"

சவரியம்மாள் மகளை வாய்விட்டுப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. எப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெற்றிருக்கிறோம் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

"கட்சி கிட்சின்னு எதுலயாச்சும் சேந்திருக்குதுங்களா?"

"கட்சியா? கோயில்ல பாட்டுப் பாடுற கூட்டத்துல மட்டும்தான்."

இதையெல்லாமா மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. படித்த குடும்பம் போலிருக்கிறது.

வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். "தெருவே சொன்னதத்தான் நீங்களும் சொல்றீங்க. எனக்குப் பரம திருப்தியுங்க."

"அப்ப நிச்சயத்த எப்ப வச்சுக்கிடலாம்?" சவரியம்மாள் பூரித்துப் போய்க் கேட்டாள்.

"நிச்சயமுங்களா? நான் போலீஸுங்கம்மா, சர்க்கார் வேலைக்கு எடுத்தவங்க நடத்தைய விசாரிச்சு எழுத வந்தவன்," என்றார் பாக்கியராஜ், கதவோரம் நின்ற அமலராணியைப் பார்த்துக் கும்பிட்டு. "ஜட்ஜையாவுக்கு விசாரிச்சுச் சொல்ற உத்தியோகம்னீங்களே, அதுக்குத்தான் உங்க மகள எடுத்திருக்காங்க; என் ரிப்போர்ட்டுக்குத்தான் ஆர்டர் காத்துக் கிடந்துச்சு, இனி நாளைக்கே வந்துருமுங்க!"