ஆறக் கூடாத புண்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: இந்த மாவட்டத்திலேயே அதிவேகமாகப் புண் ஆறும் உடம்பு அவருடையதுதான்.

அறிவித்தவர் அவரே. நடைப்பயிற்சி நண்பர்கள் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். பொங்கல் விழா மேடையில் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கைத் தழும்பைக் காட்டி அறிவித்தார். கைதட்டல். பொன்னாடை.

இப்போது அந்த உடம்பு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

தாடை பிளாஸ்டிக் ஏந்தலில். நெற்றி பட்டையில். இடது கண்ணுக்குள் நீல வெளிச்சம்.

கருவிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா. பிடியைத் திருகித் திருகிப் பார்க்கிறார்.

போன முறையும் இப்படித்தான் திருகித் திருகிப் பார்த்தார்.

போன முறை வலது கண். கிளாக்கோமா. கண்ணுக்குள் ஏறிய நீரழுத்தத்தை இறக்க வெள்ளை விழியில் ஒரு சின்ன வடிகால் வெட்டினார்கள். அது திறந்தே இருக்க வேண்டும். உடம்பு கேட்கவில்லை. சிமெண்ட் பூசிய மாதிரி தழும்பு போட்டு அடைத்துவிட்டது. அழுத்தம் நரம்பைத் தின்றது.

அந்தப் பக்கம் இப்போது பகலும் இல்லை, இரவும் இல்லை.

மிச்சம் இது ஒன்று.

இந்த முறை வெட்டிய இடத்தில், தழும்பு விழாமலிருக்க, புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தைப் பஞ்சில் நனைத்து ஒற்றினார்கள். “ஆறிடக் கூடாது சார், அவ்வளவுதான்” என்றார் டாக்டரம்மா.

மனைவி குமுதவல்லிக்கு அது பிடிக்கவில்லை. ஆறக் கூடாதென்று ஆபரேஷன் செய்கிறவர்களை அவள் பார்த்ததே இல்லை.

சற்று முன், வராந்தாவில், அவள்தான் சொன்னாள்.

“பத்து நாளும் விரால் மீன் குழம்புதாங்க. புண்ணு ஆறுறதுக்கு அத அடிச்சிக்க ஒண்ணு கிடையாது. மாரியம்மனுக்கும் நேர்ந்திருக்கேன், சீக்கிரம் ஆறணும்னு. நீங்க ஏன் இப்படி வேர்க்குறீங்க?”

கண்ணில் கட்டோடு, என்ன மீன் என்று கேட்காமல், இன்னும் ரெண்டு துண்டு போடச் சொல்லிச் சாப்பிட்டிருந்தார்.

மேடையில் சாமியைக் கிண்டல் செய்கிற வாய் இப்போது முணுமுணுத்தது. தாயே, அவ பேச்சைக் கேக்காதே.

பிறகு உடம்பிடம் கேட்டார். அறுபத்து மூன்று வருஷத்தில் முதல் முறையாக, மரியாதையாக. தயவுசெய்து ஆறிடாதீங்க.

“ஆடாதீங்க சார்.”

அவர் ஆடவில்லை. முக்காலிதான் ஆடியது.

வெளிச்சம் போயிற்று. போனது விளக்கா, கண்ணா என்று ஒரு நொடி அவருக்குத் தெரியவில்லை.

விளக்குத்தான்.

டாக்டரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

புண் நன்றாக ஆறியிருந்தது.