இரண்டு பொட்டலம்

பதினைந்தாவது கல்யாண நாளுக்கு மும்பை போவதென்று முடிவானபோது கோழிப்பண்ணை கௌதமன் பயப்படவில்லை. எந்த ஓட்டல் என்று மனைவி தனப்பிரியா கேட்டபோதுதான் பயந்தான்.

"கடலோரம் இருக்கற பெரிய ஓட்டலுக்கே போலாமுங்க."

"கடல் காத்து உனக்கு ஒத்துக்காது கண்ணு. ஏரிப் பக்கம் ஒண்ணு இருக்குது. அதுவும் அஞ்சு நட்சத்திரம்தான்."

"அப்ப அம்மன்கிட்டயே பூக் கேட்டரலாமுங்க."

கிணறு வெட்டவும் பெண் எடுக்கவும் பூக் கேட்கிற குடும்பம். மறுக்க முடியுமா? ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, மற்றதில் வெள்ளை; பூசாரி எடுப்பதில் சிவப்பு வந்தால் கடல், வெள்ளை வந்தால் ஏரி.

கோயில் வாசலில் கௌதமனே இரண்டு பொட்டலம் மடித்தான். இரண்டிலும் வெள்ளை அரளியையே வைத்தான். அம்மன் மன்னிப்பாள், தனப்பிரியா மன்னிக்க மாட்டாள். பொட்டலங்களை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனான்.

அம்மன் காலடியில் வைத்த இரண்டில் ஒன்றைப் பூசாரி எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

கௌதமன் பிரிக்காத பொட்டலத்தை எட்டிப் பார்த்தான்.

"இன்னொண்ணையும் பிரிக்கச் சொல்லட்டுங்களா?" தனப்பிரியா மெல்லக் கேட்டாள். "அதுலயும் சிவப்புத்தானுங்க."

கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே சொன்னாள்:

"போன வருசம் முட்டை மாநாடுன்னு ஐதராபாத் போனீங்கல்ல, அப்ப மும்பைல அந்தக் கடலோர ஓட்டல்ல இருந்து ஊட்டுக்குப் போன் வந்துச்சுங்க. மேடம் ரூம்ல தோட்டைக் கழட்டி வச்சிட்டுப் போயிட்டாங்களாம், பத்திரமா இருக்குதாம். நானே நேர்ல வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிப்போட்டேனுங்க."