இரண்டாவது வாளி

டேங்க் இல்லாத ஹீட்டரை மாட்ட வந்த பிளம்பர் பையைக் கீழே வைப்பதற்குள், இனிமேல் அந்தப் பக்கத்தோடு தனக்கு ஒட்டும் உறவும் இருக்காதே என்று பெரியவர் கேட்டுவிட்டார்.

எந்தப் பக்கம் என்று பிளம்பர் விழித்தான்.

பெரியவர் குளியலறைச் சுவரைச் சுட்டினார். சுவருக்கு அப்பால் அவருடைய தம்பி வீடு.

பிளம்பர் தன் பாடத்தை ஒப்பித்தான். நாள் முழுக்க வெந்நீரை அடைகாக்கிற வேலை இதில் இல்லை. குழாயைத் திறந்தால் சூடாக்கும், மூடினால் தானும் தூங்கிவிடும். கரண்ட் மிச்சம், இடம் மிச்சம். கல்யாணக் கூட்டமே வரிசையில் நின்று குளித்தாலும் கடைசி ஆளுக்கும் அதே சூடுதான்.

மற்ற குணங்கள் எதுவும் பெரியவர் காதில் ஏறவில்லை. பங்குக்கு ஆள் வராது. அது போதும்.

மூன்று தலைமுறையாகப் பிரியாத குடும்பம். தம்பி பாகம் கேட்டான். பெரியவர் ஒரு குறையும் வைக்காமல் கொடுத்தார். அன்றோடு பேச்சை நிறுத்தினார். ஏழு வருஷம் ஆகிறது.

அண்டா குண்டாவிலிருந்து நாற்காலி வரை பிரித்தார்கள். ஹீட்டரை மட்டும் வெட்டிப் பிரிக்க முடியவில்லை. மத்தியஸ்தம் பேச வந்தவர்கள் அதைப் பொது என்று சொல்லிவிட்டார்கள். டேங்க் இந்தப் பக்கம், அதிலிருந்து ஒரு குழாய் அந்தப் பக்கம். சபையில் ஒப்புக்கொண்ட சொல் என்பதால் பெரியவர் ஒருநாளும் அந்தக் குழாயில் கை வைத்ததில்லை.

ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு, இரண்டாவது வாளி பாதி நிறையும்போது, தண்ணீர் ஆறிப்போகும்.

உடனே சொம்பால் சுவரில் நாலு இடி இடிப்பார். அண்ணன் பங்கையும் சேர்த்து ஊற்றிக்கொள்கிற பேராசைக்காரன், குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு என்று தொடங்கினால், தெருக்கோடி வரை கேட்கும். காலங்கார்த்தாலே இந்த மானக்கேடு எதற்கு என்றுதான் மகள் புது ஹீட்டரை வாங்கி அனுப்பியிருந்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு நாளும் ஒரு சொல் வந்ததில்லை. குற்றமுள்ள நெஞ்சு, வாய் எப்படித் திறக்கும் என்று சொல்லிக்கொண்டே பெரியவர் தலையைத் துவட்டுவார்.

பிளம்பர் பழைய டேங்கைக் கழற்றி இறக்கினான். தண்ணீரை வடித்த பிறகும் அது பிணக்கனம் கனத்தது. வாய்ப்பக்கத்தைத் திறந்து கவிழ்த்ததும், வெள்ளைக் கட்டிகளாக உப்பு தரையெல்லாம் கொட்டியது.

டேங்கில் பாதி உப்புதான், ஒன்றரை வாளிக்கு மேல் வெந்நீர் எங்கிருந்து வரும் என்று சிரித்தான்.

பெரியவர் சிரிக்கவில்லை. முதலில் அந்தப் பக்கம் போகிற குழாயை அடைக்கச் சொன்னார்.

பிளம்பர் குழாயைத் தொடர்ந்து பின்பக்கச் சந்துக்குப் போனான். திரும்பி வந்தபோது கையெல்லாம் துரு. அது எப்போதோ அடைத்தாகிவிட்டது ஐயா, மூடியைத் தொட்டால் துருதான் கொட்டுகிறது, பல வருஷம் இருக்கும் என்றான்.

பெரியவர் திரும்பி, கதவோரம் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

எவ்வளவு நாளாக என்றார். பாகம் பிரித்த மறு மாசத்திலிருந்து என்றாள். அப்போதே இதே மாதிரி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டாராம் தம்பி. தன்னிடம் ஏன் மறைத்தாள் என்று கேட்டார்.

"அவர்தான் சொல்ல வேண்டாம்னார். திட்டுறதுக்காகவாவது அண்ணன் வாயைத் திறக்கிறாரே, அதையும் கெடுத்துடாதீங்க அண்ணின்னார்."

பெரியவர் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். தம்பி திருடியிருந்தால் மன்னித்திருப்பார். இவன் விட்டுக்கொடுத்திருக்கிறான். மூத்தவனுக்கு, இளையவன்.



மறுநாள் காலை ஆறு மணி. இரண்டாவது வாளி நிறைந்தது. மூன்றாவதும் நிறைந்தது. ஆவி பறந்தது. தண்ணீர் ஆறவில்லை. இனி ஆறப்போவதும் இல்லை.

சுவருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. அதன்பிறகு அங்கே அரவமே இல்லை. துண்டு உதறும் சத்தமோ கதவு திறக்கும் சத்தமோ கேட்கவில்லை. ஓர் ஆள் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

தப்பு என்னுடையது என்று சொல்லிப் பெரியவருக்குப் பழக்கமில்லை. அவருடைய அப்பாவுக்கும் இருந்ததில்லை. தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை செருமினார். வாயில் வந்ததைச் சொன்னார்.

"டேய், பொழுது விடிஞ்சும் உன் வாசல் லைட்டு எரியுது. அந்த வீட்டுல கண்ணுள்ளவங்க யாருமே இல்லையா?"

ஏழு வருஷத்தில் முதல் தடவையாகச் சுவர் பதில் சொன்னது.

"இதோ, அணைச்சிடறேன் அண்ணே."

தம்பி வீட்டு வாசலில் லைட்டே கிடையாது.