பதினோரு மணி வண்டி

"அக்கா, வாசல்ல நிக்கிற உங்க ஸ்கூட்டரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துறீங்களா? பதினோரு மணிக்கு வண்டி வருது. பெரிய வண்டி!"

கீழிருந்து கூப்பிட்ட இளையவளின் குரலில் அப்படி ஒரு துள்ளல். மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த மூத்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருக்கும் ஓரகத்திகள் அவர்கள். ஞாயிறு ஆராதனையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுவார்கள். அதெல்லாம் சரி. ஆனால் கீழே ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி வந்தால், அடுத்த மாதமே மேலே அறுபத்தைந்து வந்துவிடும். மேலே ரெண்டாவது சோபா வந்தபோது கீழே மசாஜ் நாற்காலி வந்தது. மூத்தவள் விடுவாளா? மூணாவது சோபாவையும் இறக்கிவிட்டாள்.

இப்போது பெரிய வண்டியாமே!

மூத்தவள் இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனாள். இளையவள் சோபா மேல் ஏறி நின்றுகொண்டு, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் அளவு நாடா பிடித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வாசல் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தான். மசாஜ் நாற்காலி வந்த அன்றும் இப்படித்தான் கதவைக் கழற்றினார்கள்.

"அப்படி என்னடி வருது?"

"வண்டி வந்ததும் நீங்களே பாருங்கக்கா. எனக்குக் காலையிலருந்து சாப்பாடே இறங்கல!"

"சும்மா சொல்லுடி."

"வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் நம்ம வீட்டு முறை இல்லையா? நாலு வருஷமா ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிச்சிட்டிருக்கோம். கடைசியா நடந்தப்போ பாதிப் பேர் வாசல்ல நின்னாங்க. முட்டிவலிக்கார அம்மா செருப்பு அலமாரி மேல உட்கார்ந்து பாடினாங்க. எனக்கு மானமே போச்சு. இந்தத் தடவை இருபது பேரும் என் ஹால்ல கால் நீட்டி உட்காரணும்!"

இருபது பேர்! மூத்தவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கடையில் ஒரு சுவர் முழுக்க வளைத்துப் போட்டிருந்தார்களே, அந்த சோபாவாகத்தான் இருக்கும்.

"எவ்வளவு ஆச்சு?"

"ஒரு பைசா இல்லக்கா!"

"நல்லா மறைக்கிறா" என்று முணுமுணுத்துக்கொண்டே மூத்தவள் மாடிக்கு ஓடி, செல்போனில் சோபாக் கடையைத் திறந்தாள்.

"பதினாலு பேர் உட்கார்ற சோபா. இன்னைக்கே கொண்டு வந்துடுவாங்களாம்" என்றாள், பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவனிடம்.

"எங்கேம்மா போடுவே? இருக்கிற சாமானுக்கு நடுவுல நான் இப்பவே நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் நடக்கிறேன்."

"வெள்ளிக்கிழமை இருபது பேரும் அவ வாங்கினதைத் தடவித் தடவிப் பார்ப்பாங்க. நான் மூஞ்சியை எங்க வெச்சுக்கிறது?"

உண்மையில் அவளுக்கு எந்த சோபாவும் வேண்டியிருக்கவில்லை. போன சோபா தந்த சந்தோஷம் பிளாஸ்டிக் உறையைப் பிரித்த அன்றோடு தீர்ந்துபோயிருந்தது. ஆனாலும் தோற்க மனசு வரவில்லை. 'வாங்கு' என்ற பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோனாள்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

விரலை அப்படியே வைத்துக்கொண்டு மூத்தவள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பெரிய வண்டிதான். ஆனால் உள்ளே கயிறும் நாலு சாக்கும் தவிர ஒன்றையும் காணோம்.

டிரைவர் இறங்கி வந்து, "சபை விடுதியிலருந்து வர்றோம்மா. எதெதை ஏத்தணும்?" என்று கேட்டான்.

"ரெண்டு சோபா, மசாஜ் நாற்காலி, அந்தக் கண்ணாடி ஷோகேஸ், எல்லாத்தையும் ஏத்துங்க!" என்ற இளையவள், மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "அக்கா, இத்தனை வருஷமா ஆண்டவர்கிட்ட அதைக் குடு, இதைக் குடுன்னே நச்சரிச்சிட்டிருந்தேன். போன வாரம்தான் 'போதும்பா'ன்னு சொன்னேன். இப்ப பாருங்க, எவ்வளவு பெரிய ஹால் கிடைச்சிருக்கு எனக்கு!"

மூத்தவள் செல்போனைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். திரும்பி, தன் மூன்று சோபாக்களையும் பார்த்தாள்.

"ஏங்க, ஸ்க்ரூடிரைவரை எடுங்க, நம்ம கதவையும் கழட்டணும்!" என்று கணவனிடம் கத்தியவள், செல்போனைத் துணிக்குவியலில் எறிந்துவிட்டு பால்கனியில் பாதி உடம்பைத் தொங்கவிட்டாள்.

"டிரைவர் தம்பி, அவ சாமானையே அடைச்சிடாதீங்க. அவ ரெண்டு சோபா குடுத்தா, நான் மூணு குடுப்பேன்!"