அடுப்படியில் எழுந்தருளிய அம்மன்

காளியாயியின் அடுப்படியில் அம்மன் எழுந்தருளியிருப்பதாகத் தலைமைக் கங்காணி சோலைமலை அறிவித்தபோது, காளியாயி அந்த அம்மனை வாளியில் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அடுப்புக் கல்லுக்கு அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்தது. சாம்பலும் விறகும் மிதந்தன.

"அம்மனுமில்ல ஆத்தாளுமில்ல, கங்காணியாரே. மேல இருக்க அணைத் தண்ணி. சாம்ப நெறத்துல வருது பாருங்க, நாம கொட்டுன களி!"

கங்காணி காதைப் பொத்திக்கொண்டார்.

அணை பணிய லயத்துக்கு, மலையடியில் காளியாயி போன்ற தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வீட்டு வரிசைக்கு, நேர் மேலே இருந்தது. அதன் அடியில், மண்ணுக்குள், ஒரு சுவர். தண்ணீர் கீழ்வழியாக ஊறிப் போகாதிருக்க ஆழப் பள்ளம் வெட்டி, களிமண் குழம்பால் நிரப்பிய சுவர். கண்ணுக்குத் தெரியாத சுவர் என்று அணை கட்டிய இஞ்சினியர் பரமலிங்கம் பேசாத மேடை இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதில் அவருக்குச் சில வசதிகளும் இருந்தன.

மந்திரி அணையைத் திறக்க வரும் நாளை எல்லோரும் விசாரித்தார்கள். களி இறுகும் நாளை ஒருவரும் விசாரிக்கவில்லை.

அடைமழையில் பள்ளத்தின் கரை சரிந்தது. மண்ணும் கல்லும் உள்ளே விழுந்தன. அவற்றை வெளியே எடுக்க நேரமில்லை, அதன் மேலேயே களியைக் கொட்டுங்கள் என்றார்கள். கொட்டினார்கள். பணிய லயத்தில் கூடை சுமக்காத பெண் கிடையாது. எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்தவர்கள்தான் இப்போது மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

காரணம் இருந்தது. மேல் லயங்களில் இருக்கும் மேமலைக்காரர்களுக்குக் கோயில் உண்டு, தேர் உண்டு, திருவிழாவில் அலட்டிக்கொள்ள வாயும் உண்டு. பணிய லயத்துக்குக் கோயில் கேட்டுப் போன போதெல்லாம் தோட்டத்துத் தொரை இடமில்லை என்று சொல்லிவிட்டார். இப்போது அம்மனே இடம் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நமக்கு ஒரு கோயிலு வர்றது ஒனக்குப் பொறுக்கலையாடி?" என்று கேட்டாள் பக்கத்துக் காம்பரா மீனம்மா.

"வரட்டும். என் அடுப்புலதான் வரணுமா?"

இஞ்சினியர் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். கூட்டம் நெகிழ்ந்து போனது. அவர் குனிந்து தண்ணீரில் விரலை விட்டார். விரல் நுனியில் ஒட்டிய சாம்பல் நிறக் களியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

பிறகு இரண்டு கைகளையும் குவித்தார்.

இது மலையின் புனித ஊற்று என்றார். சுவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். இந்த இடத்தில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது, அம்மன் கோபிப்பாள் என்றார். தன் செலவில் வெண்கல மணி ஒன்று வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

தப்பு மேளம் முழங்கியது. காளியாயியின் சட்டி பானைகள் வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தன. அம்மன் குடியிருக்கும் இடத்தில் கருவாடு வதக்கலாமா? மேமலையில் பழைய உரக் காம்பரா ஒன்று காலியாக இருக்கிறது, அங்கே போய் இருந்துகொள் என்றார் கங்காணி, பெரிய மனதோடு.

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவிலிருந்து கைக்குழந்தைகளைத் தூக்கி வந்து அம்மன் காலடியில் வரிசையாகக் கிடத்தினார்கள். நோய் நொடி அண்டாதாம்.

காளியாயி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ரோட்டில் ஏறினாள். வாயில் வந்த வசவுகளில் பாதி கங்காணிக்கு, பாதி அம்மனுக்கு.

பின்னால் லொறி ஒன்று முக்கி முனகி ஏறி வந்தது. டவுன் கடை ஹுசைன் நானாவின் லொறி. களியும் கல்லும் ஏற்றிப் போகிறார்கள், சுவரைச் சரி பண்ணப் போகிறார்கள் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. கையைக் காட்டினாள்.

"என்னா நானா ஏத்திக்கிட்டு போறீங்க?"

"இஞ்சினியர் ஐயாட சாமான். அணைக்குக் கீழ இருக்க குவாட்டஸ் வேணாமாம், மேல பங்களாவுக்கு மாறுறாரு. பூசை முடிஞ்ச கையோட ஓடி வந்து சொன்னாரு, இன்னைக்கே ஏத்தணுமாம்."

காளியாயி பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கட்டில், அலுமாரி, குழந்தைத் தொட்டில். எல்லாவற்றுக்கும் மேலே, உடையாமலிருக்கக் கம்பளி சுற்றி, பூசை அறைச் சாமி படங்கள்.

கீழே தப்புச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் பானையை ரோட்டோரம் வைத்தாள். லொறிக்கு முன்னால் நடு ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எறக்குங்க நானா. சாமிங்க இங்கனயே நிக்கட்டும். லொறியத் திருப்புங்க, கீழ புள்ளைக கெடக்கு."